தூதர் காட்ட வேண்டிய கணக்கு

உத்தரமேரூர்ச் சபையார் தாட்சண்யம் அறியாதவர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், அவர்கள் செய்த ஏற்பாடுகள் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் நமக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்று விதித்தார்கள். அதோடு விட்டார்களா? சிற்றன்னை மக்கள், தாய்மாமன், மைத்துனன், மருமகன் என்று அவனுடைய உறவினர் பட்டியல் ஒன்றையும் சேர்த்து, இவர்கள் பெயரையும் எழுதக் கூடாது என்றார்கள். பொதுக் காரியத்தை ஏற்றுக்கொண்டவன் முந்நூற்றறுபது நாள் பணி செய்யலாம். பிறகு கணக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்க வேண்டும்.

நாம் இருக்கும் திருப்புலிவனம் காஞ்சீபுரத்திலிருந்து உத்தரமேரூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது. புலிக்கால் முனிவர் பூஜித்த தலம் என்று சொல்லும் இவ்வூரிலிருந்து அந்தக் கல்வெட்டு சிறிது தூரந்தான். ஆகையால் யாராவது பொதுப் பதவி ஒன்றை ஏற்றார் என்று கேள்விப்பட்டால், “சரி, இவர் இறங்கும்போது காட்ட வேண்டிய கணக்கு என்ன?” என்று கேட்கத் தோன்றுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வியை இந்த வாரம் ஒரு விசேஷ உத்தியோகத்தைப் பற்றிக் கேட்க விரும்புகிறோம். நமது தேசத்தின் தூதரகங்களில் வெளிநாட்டு இந்தியர்களோடு உறவாடுவதற்கும், அந்நாட்டாரோடு கலாசார சம்பந்தங்களை வளர்ப்பதற்கும் உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950-இல் நிறுவிய இந்தியக் கலாசார உறவுக் கழகம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. கலைஞர்களை அனுப்புகிறது; மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது; பல தலைநகரங்களில் கலாசார நிலையங்களை நடத்துகிறது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் மூன்று வருஷம் கழித்து அந்த உத்தியோகஸ்தர் வேறு நாட்டுக்கு மாற்றப்படும்போது அவர் காட்டுகிற கணக்கு பெரும்பாலும் எப்படி இருக்கிறது? இத்தனை நாட்டியக் கச்சேரி, இத்தனை குத்துவிளக்கு, இத்தனை பொன்னாடை, இத்தனை புகைப்படம். விளக்கு அன்றிரவே அணைந்துவிடுகிறது. பொன்னாடை பெட்டிக்குள் போய்விடுகிறது. மிச்சம் என்ன?

மிச்சம் வைத்துவிட்டு வந்த ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார். அவரை அளவுகோலாக வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறோம். அவர் வலங்கைமான் மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்.

* * *

சாஸ்திரியார் போன இடம் தென்னாப்பிரிக்கா. போன வருஷம் 1927. அவருக்கு முன்னே அங்கே போயிருந்தவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுபோன முதல் கப்பல் அது. முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1911-இல் இந்த ஆள் ஏற்றுமதி நிறுத்தப்படும் வரையில் 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் ஏராளம். அந்நாளைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான் எங்கள் உத்தரமேரூர்ப் பக்கமும் இருந்தது.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க விரும்பியவர்கள் மீது 1895-ஆம் வருஷத்துச் சட்டம் தலைக்கு மூன்று பவுன் வருஷ வரி போட வழி செய்தது. 1913-இல் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு இறங்கினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, பெற்றோரின் சொந்த ஊரான தில்லையாடியைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட வள்ளியம்மை, சிறையில் கண்ட நோயினால் 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தாள். அவ்வருஷமே மூன்று பவுன் வரி ஒழிந்தது.

வரி ஒழிந்தது, துவேஷம் ஒழியவில்லை. இந்தியர்களைத் தனி இடங்களில் ஒதுக்கிவைக்க 1925-இல் டாக்டர் மலான் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இந்தியாவில் எழுந்த ஆட்சேபத்தின் பேரில், 1926 டிசம்பரில் கேப் டவுனில் வட்டமேஜை மகாநாடு கூடியது. ஸர் முகம்மது ஹபிபுல்லா தலைமையில் போன இந்தியப் பிரதிநிதிகளில் சாஸ்திரியாரும் ஒருவர். அதன் பயனாக 1927-இல் கேப் டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டது. மசோதா கைவிடப்பட்டது. இந்திய சர்க்காரின் ஏஜண்டு ஒருவர் தென்னாப்பிரிக்காவில் இருப்பதென்றும் முடிவாயிற்று. முதல் ஏஜண்டாகச் சாஸ்திரியாரே போக வேண்டும் என்று வற்புறுத்தியவர் காந்தியடிகள்.

* * *

‘ஏஜண்டு’ என்ற பெயரில் ராஜதூதருக்குரிய எந்த அதிகாரமும் கிடையாது. அவரை அனுப்பிய சர்க்காரே அப்போது அந்நியர் கையில் இருந்தது. சாஸ்திரியாருக்கு வயது ஐம்பத்தேழு, தேகமும் திடமில்லை. அவர் கையில் இருந்த ஆயுதம் நாக்கு ஒன்றுதான். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்க வெள்ளையர்களே கூட்டங் கூட்டமாக வந்தார்கள். அவர்களுடைய சங்கங்களிலும் சர்வகலாசாலைகளிலும் இந்தியாவின் தத்துவத்தையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசினார். இன்று ‘கலாசார சம்பந்தம்’ என்று எதைச் சொல்கிறோமோ அதைத்தான் அவர் தனியொருவராய்ச் செய்துகொண்டிருந்தார். 1928-இல் கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவருடைய கூட்டத்தில் கலகக்காரர்கள் புகுந்து குழப்பம் விளைத்தார்கள். அதற்காக அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு ஊர் திரும்பிவிடவில்லை.

பேச்சோடு நின்றிருந்தால் சாஸ்திரியாரும் ஒரு நல்ல கச்சேரி செய்துவிட்டு வந்தவராகவே இருந்திருப்பார். ஆனால் அவர் அடிப்படையில் ஓர் உபாத்தியாயர். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக இருந்துவிட்டு, 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர். பழைய உபாத்தியாயரின் கண்கள் டர்பனில் எதைத் தேடியிருக்கும்? பள்ளிக்கூடத்தைத்தான்.

நேட்டாலில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளிகளே போதவில்லை. அதற்கு மேலே படிக்க வேண்டுமானால் தக்க இடமே இல்லை. ஒப்பந்தத்தில் இந்தியர்களை ‘மேம்படுத்துவது’ பற்றி ஒரு ஷரத்து இருந்தது. நேட்டாலில் இந்தியர் கல்வியை விசாரிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. சாஸ்திரியார் அந்த ஷரத்தைப் பிடித்துக்கொண்டார். 1928-இல் விசாரணை நடந்தது. இந்தியாவிலிருந்து கிச்லு என்னும் கல்வி அதிகாரியும், சென்னையில் ஆசிரியப் பயிற்சி அளித்துவந்த கார்டன் அம்மையாரும் உதவிக்கு வந்தார்கள்.

ஆனால் விசாரணையும் அறிக்கையும் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆகிவிடுவதில்லை அல்லவா? சாஸ்திரியார் இந்திய ஜனங்களிடம் கை நீட்டினார். ‘கட்டடத்தை நீங்கள் கட்டிக் கொடுங்கள், நடத்தும் பொறுப்பை மாகாண சர்க்காரை ஏற்கச் செய்கிறேன்’ என்பதே அவர் போட்ட திட்டத்தின் சாரம். ஏறக்குறைய 20,000 பவுன் சேர்ந்தது. குஜராத்தி வர்த்தகர்களும் கொடுத்தார்கள். கூலி வேலை செய்து கஞ்சி குடித்தவர்களின் சந்ததியாரும் கொடுத்தார்கள். தமிழர், தெலுங்கர், ஹிந்துஸ்தானியர், முஸல்மான்கள் என்று பிரிந்து நின்றவர்கள் ஒரே சுவருக்குச் செங்கல் வாங்கினார்கள். 1928-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1929-இல் பள்ளி திறந்தது. ஆசிரியர் சிலர் இந்தியாவிலிருந்தே போனார்கள். அந்தப் பள்ளிக்கு ‘சாஸ்திரி கல்லூரி’ என்று பெயர்.

பள்ளி திறந்தபோது சாஸ்திரியார் அங்கே இல்லை. 1929 ஜனவரியிலேயே புறப்பட்டு வந்துவிட்டார். அவருக்குப் பின் ஏஜண்டாகப் போனவர் ஸர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. முன்னவர் தொடங்கியது பின்னவர் காலத்தில் திறந்தது. ஒரு காரியம் தனிமனிதருடையதா, ஜனங்களுடையதா என்று சோதித்துப் பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. தொடங்கியவர் கப்பலேறிய மறுநாளும் அது நடக்கிறதா? நடந்தது.

குறையும் சொல்லிவிட வேண்டும். முதலில் அங்கே படித்தவர்கள் ஆண் பிள்ளைகள்தான். ஆனால் நல்ல கட்டடம் நல்ல மனிதரைப் போன்றது. எதிர்பாராத விருந்தினருக்கும் இடம் கொடுக்கும். 1936 முதல், வெள்ளையர் அல்லாதாருக்கு நேட்டால் சர்வகலாசாலைக் கல்லூரி நடத்திய வகுப்புகள் சாஸ்திரி கல்லூரியின் அறைகளில், பள்ளி இல்லாத வேளைகளில் நடந்தன. இந்தியர்களோடு ஆப்பிரிக்க இளைஞர்களும் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்து உயர்கல்வி பெற்றார்கள். இன்றும் அந்தப் பள்ளி டர்பனில் இருக்கிறது. இந்தியரின் காசில் எழுந்த சுவர்களுக்குள் இப்போது எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கலாசார உறவு என்பதற்கு இதைக் காட்டிலும் நேரான பொருள் நமக்குத் தெரியவில்லை.

* * *

ஆனால் கணக்கு என்றால் வரவும் செலவும் சேர்ந்தது. கேப் டவுன் ஒப்பந்தத்தின் செலவுப் பக்கத்தை மறைத்துவிட்டுச் சாஸ்திரியாரைப் புகழ்வது உத்தரமேரூர்ச் சபைக்கு உகந்த காரியமாகாது.

தாய்நாடு திரும்ப விரும்பும் இந்தியருக்கு இலவசக் கப்பற் பிரயாணமும், பெரியவருக்கு இருபது பவுனும், குழந்தைக்குப் பத்துப் பவுனும் கொடுப்பதென்று அந்த ஒப்பந்தம் ஏற்படுத்தியது. மூன்று வருஷத்துக்குள் திரும்பி வரவில்லையானால் தென்னாப்பிரிக்க வாச உரிமை போய்விடும். திரும்பி வருவதானால் வாங்கிய பணத்தைக் கட்டிவிட வேண்டும். காகிதத்தில் இது தர்மமாகத்தான் தோன்றியது. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களைப் பார்த்தால் வேறு கதை. நேட்டாலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தகப்பனார் சொன்ன கிராமத்தின் பெயர் மட்டுமே தெரியும். கிராமத்துக்குப் போனால் நிலம் இல்லை; வீடு இல்லை. ‘எந்த ஜாதியில் கை நனைத்தாயோ!’ என்று உறவினர்கள் வாசலில் நிறுத்திப் பேசினார்கள். கையில் இருந்த பவுன்கள் கரைந்தன. பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இவர்களுடைய நிலையை ஆராய்ந்து 1931-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தத் திட்டத்தின் கொடுமையை உலகறியச் செய்தது. திரும்பி வந்தவர்களில் பலர் மறுபடி எந்தக் கப்பலிலாவது ஏறிப் போய்விடத் துடித்தார்கள்.

இந்தக் குற்றம் ஏஜண்டுகள் தலையில் மட்டும் விழாது. தூதரகம் ஒரு கரையில் பாலம் கட்டலாம். மறுகரையில் கட்ட வேண்டியவர்கள் கிராமத்தார். அன்று நம் கிராமங்கள் கட்டவில்லை. கடல் கடந்து போனவன் பணம் அனுப்பினால் ‘நம் பையன்’. வெறுங்கையோடு வந்தால் ‘யாரோ’ என்ற மனோபாவம் நமக்குப் புதிதல்ல. இன்று வளைகுடா நாடுகளில் வேலையிழந்து திரும்பும் இளைஞர்களிடமும் அதைத்தானே காட்டுகிறோம்?

* * *

பின்னர் நீண்ட மௌனம் ஒன்று வந்தது. இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டத்தை ஆட்சேபித்து, 1946-இல் இந்திய சர்க்கார் தன் ஹைகமிஷனரைத் திருப்பி அழைத்துக்கொண்டது, வியாபாரத்தையும் நிறுத்தியது, ஐக்கிய நாடுகள் சபையில் புகார் செய்தது. சாஸ்திரியார் அவ்வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி காலமானார். மீதமிருந்த அலுவலகமும் 1954-இல் மூடப்பட்டது. மறுபடி ராஜதந்திர உறவு ஏற்பட்டது 1993-இல்தான். நிறவெறி ஆட்சியோடு உறவு வேண்டாம் என்று நம் தேசம் எடுத்த முடிவு நியாயமானது. அதைப் பற்றி இரண்டாவது பேச்சில்லை. ஆயினும் அங்கிருந்த தமிழர்களுக்கு ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் தாய்நாட்டின் கதவு சாத்தியிருந்தது.

அந்நாட்களில் தமிழைக் காத்தவர்கள் யார்? தூதர்கள் அல்லர், கலாசார நிலையங்கள் அல்ல. கோயில் மண்டபத்தில் மாலை வேளையில் பாய் விரித்து அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த சாமானியர்கள் காத்தார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர்கள் காத்தார்கள். பாட்டிமார்கள் சமையலறையில் காத்தார்கள். இருந்தும் வீட்டுக்குள் ஆங்கிலம் நுழைந்து தமிழை மெல்ல மெல்ல வெளியேற்றியது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பக்தியோடு பாடுகிற தலைமுறை வந்தது. இந்திய மொழிகள் அங்கே இந்தியப் பிள்ளைகளின் பள்ளிகளில் பாடமாக வந்தபோது வருஷம் 1984. அதற்குள் பலருடைய நாக்கு பழக்கத்தை மறந்திருந்தது. 1996-ஆம் வருஷத்துத் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கரும்பு வெட்டப் போனவர்களின் மொழி ஒரு தேசத்தின் சாசனத்தில் ஏறியிருக்கிறது! இந்தக் கௌரவத்துக்குத் தகுந்த காரியம் நடக்க வேண்டாமா?

* * *

ஆகையால் வெளிநாட்டு இந்தியர் உறவுக்காக நம் தூதரகங்களில் பணியாற்றுவோரிடம் மூன்று இனங்களில் கணக்குக் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

முதலாவது, ஆசிரியர். ஒரு வாரம் வந்து போகும் நாட்டியக் கோஷ்டியைக் காட்டிலும், மூன்று வருஷம் தங்கி, உள்ளூர் இளைஞர் பத்துப் பேரைத் தமிழ் ஆசிரியராக்கிவிட்டு வரும் ஒருவர் மேல். நாட்டியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடுகிறவர் திரும்பிய பிறகு அங்கே ஆடக் கற்றுக்கொண்டவர் யாராவது இருக்கிறாரா என்றுதான் கேட்கிறோம். யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிக் கொடுத்த கலாசார மண்டபத்துக்கு 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். பதினொரு மாடிகள், கம்பீரமான கட்டடம். அதன் கீர்த்தி மாடிகளின் எண்ணிக்கையில் இல்லை. அதற்குள் அவ்வூர்ப் பிள்ளைகள் நாள்தோறும் என்ன கற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இரண்டாவது, பதிவேடு. நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். தோட்டச் சொந்தக்காரருக்கு ஆள் தப்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. இன்று பேரன்மார்களுக்கு ஊர் கண்டுபிடிக்க உதவுகிறது! டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்த ஏடுகளிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் கிராமத்தின் பெயரை எழுதியவன் தமிழ் அறியாத குமாஸ்தா. ‘திருப்புலிவனம்’ என்று ஒருவர் மெதுவாய்ச் சொல்லியிருந்தாலும் அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும், அவன் பேனா எப்படி எழுதியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சிதைந்த பெயர்களுக்கு நேரான ஊர்களைத் தீர்மானித்து ஓர் அட்டவணை போடுவது, தூதரகமும் தமிழ்நாட்டு ஆவணக் காப்பகமும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம். செலவு சொற்பம், பயன் பல தலைமுறைக்கு.

மூன்றாவது, ஏழை. வெளிநாட்டு இந்தியர் என்றதும் நமக்குப் பெரிய டாக்டர்களும் கோடீசுவரர்களும் ஞாபகம் வருகிறார்கள். அவர்களைக் கௌரவிக்க 2003 முதல் ஜனவரி 9-ஆம் தேதியைக் குறித்து விழாவும் நடத்துகிறோம். காந்தியடிகள் 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பம்பாய் வந்து இறங்கிய தினம் அது. அவர் அங்கே யாருக்காகப் போராடினார் என்பதை அன்றைக்காவது நினைக்க வேண்டும். கூலி கிடைக்காமல், பாஸ்போர்ட் பிடுங்கப்பட்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுக்கு உதவ 2009-இல் தூதரகங்களில் இந்தியர் நல நிதி ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அந்த நிதியைப் பற்றித் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் இருப்பவனுக்குத் தெரிந்திருக்கிறதா? விழா மண்டபத்தின் முன்வரிசையைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது.

இவ்வளவும் தூதரகத்தார் கணக்கு. ஊரார் கணக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. நேட்டால், மோரீஸ், பிஜி, பினாங்கு, ரங்கூன் என்று யாராவது ஒருவர் போய்த் திரும்பாத குடும்பம் நம் பக்கத்துக் கிராமங்களில் அபூர்வம். வீட்டுப் பரணில் பழைய கடிதமோ, மணியார்டர் துண்டோ, மங்கிப்போன புகைப்படமோ இருக்கலாம். அவற்றைக் குப்பையில் போடாமல், ஒரு பிரதி எடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூல்நிலையத்திலோ கொடுத்து வையுங்கள். இன்னார் மகன் இன்னார், இன்ன வருஷம், இன்ன தீவுக்குப் போனார் என்று பெரியவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு நாலாம் தலைமுறைப் பேத்தி ஒருத்தி தமிழ் பேசத் தெரியாமல், கையில் ஒரு காகிதத்தோடு தெருமுனையில் வந்து நின்றால், அவளிடம் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டலாம். பிறகு உள்ளே அழைத்து ஒரு வாய் சோறு போடலாம்.